எந்த ஏட்டை எதற்குத் திறப்பது?

கேள்வி: படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆன மருத்துவர் நான். சிறிய மருத்துவமனை, பெரும்பாலான நேரம் தனியாகத்தான் இருக்கிறேன். கருத்தடை மருந்துகளைப் பற்றிச் சந்தேகம் வந்தால் எங்கே தேடுவது என்று தெரியவில்லை. சென்ற மாதம் ஒரு பெண் வந்தார். குழந்தை பிறந்து இரண்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறார். முன்பு சாப்பிட்டு வந்த, எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த கூட்டு ஹார்மோன் மாத்திரையை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்த தாள், பால்குடி மறக்கும்வரை வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நூல் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது. அமெரிக்க வழிகாட்டியோ ஆறு வாரம் கடந்தால் கொடுக்கலாம் என்றது. அதே வாரம், வலிப்புக்கு லாமோட்ரிஜின் மட்டும் சாப்பிடும் இன்னொரு பெண்ணும் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தார். அவரைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மருத்துவர்களுக்கென்றே மருந்து நிறுவனங்கள் நடத்தும் தளங்களை நம்பலாமா? நம்பகமான ஒரே இடம் என்று ஒன்றைச் சொல்லுங்களேன்.

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

நம்பகமான ஒரே இடம் என்று ஒன்று இருந்திருந்தால் எனக்குப் பிழைப்பே இருந்திருக்காது. மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்கும் மருந்துச் சந்தேகங்களுக்கு விடை தேடிக் கொடுக்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டுக் காது பழகிவிட்டது. ‘இங்கே இப்படிப் போட்டிருக்கிறது, அங்கே அப்படிப் போட்டிருக்கிறது, எது சரி?’ தேடிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். ஒவ்வோர் ஏடும் யாரோ கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது. அந்தக் கேள்வி என்னவென்று பார்க்காமல் நம் கேள்வியைக் கொண்டுபோய் நீட்டினால், அது தன் போக்கில்தான் பதில் சொல்லும்.

உங்களுக்குக் கிடைத்த மூன்று விடைகளையே எடுத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் இருக்கும் தாளை எழுதியவர் தயாரிப்பாளர். அதற்கு ஒப்புதல் தந்தது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. ‘இந்தப் பொருளை எந்த நிபந்தனைகளோடு விற்கலாம்?’ என்பதுதான் அதன் கேள்வி. பால் கொடுக்கும் பெண்களைக் கொண்டு ஆய்வு நடத்த நிறுவனங்கள் முன்வருவது அரிது. ஹார்மோன் சிறிதளவு பாலில் கலக்கும், பால் சுரப்பும் குறையக்கூடும். ஆகவே பால்குடி மறக்கும்வரை பரிந்துரைப்பதில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுதிய வரி அது. அப்படித்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நூல் ‘மருத்துவத் தகுதி அளவுகோல்கள்’ என்ற வகையைச் சேர்ந்தது. 1996-ல் முதலில் வந்தது. நான் இங்கே சொல்பவை 2015-ல் வந்த ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. ‘இந்த உடல்நிலையில் இருக்கும் பெண்ணுக்கு இந்த முறை பாதுகாப்பானதா?’ என்பது அதன் கேள்வி. எல்லா நாடுகளுக்குமாக எழுதியது என்பதை மறக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர குழந்தைக்கு வேறு கதியில்லாத இடத்துக்கும் அது பொருந்த வேண்டும். அங்கே பால் சற்றுக் குறைந்தாலும் இழப்பு பெரிது. அதனால்தான் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை எஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு 3 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் (1 முதல் 4 வரை, எண் கூடக் கூட அபாயம் கூடுதல்).

அமெரிக்க வழிகாட்டியும் அதே நூலிலிருந்து பிறந்ததுதான். சி.டி.சி. என்னும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 2010-ல் அதைத் தங்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதின. 2016-லும் 2024-லும் புதுப்பித்தன. அவர்களுடைய கவலை முக்கியமாகத் தாயின் ரத்த உறைவு. பிரசவத்துக்குப் பிறகு ஏறி நிற்கும் அந்த அபாயம் ஆறு வாரத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே 42 நாள் கடந்தவருக்கு எண் 2. பிரிட்டன் வழிகாட்டியும் ஆறு வாரத்துக்குப் பிறகு 2 என்றே சொல்கிறது.

மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன என்றும் பாருங்கள். பிரசவமான முதல் மூன்று வாரங்களில் எஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு இவற்றில் எதுவுமே இடம் கொடுக்கவில்லை. ரத்த உறைவு அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. எல்லா ஏடுகளும் ஒரே குரலில் பேசும் இடத்தில் சான்று உறுதியாக இருக்கும். அவை பிரியும் இடத்தில் சான்று மெலிந்திருக்கும். இருப்பதைக் கொண்டு யாருடைய நலனை எவ்வளவு எடை போடுவது என்பதில்தான் வேறுபாடு. அங்கே முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியை நேரில் பார்ப்பவர், அதாவது நீங்கள்.

அந்த 1, 2, 3, 4 எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றைத் தவறாகப் படிப்பவர்களே அதிகம். 1 என்றால் தடையில்லை. 2 என்றால் பயன் பொதுவாக அபாயத்தைவிட அதிகம். 3 என்றால் அபாயம் பொதுவாகப் பயனைவிட அதிகம். 4 என்றால் கொடுக்கவே கூடாது. மூன்றைப் பார்த்ததும் பலர் ‘கூடாது’ என்று படித்துவிடுகிறார்கள். வேறு முறை கிடைக்காத, அல்லது வேறு எதையும் ஏற்காத பெண்ணுக்கு, தக்க கண்காணிப்போடு கொடுக்க இடமுண்டு என்பதே 3-ன் பொருள். மருத்துவத் தீர்ப்புக்கு வசதி குறைந்த இடங்களில் மட்டும் 1, 2 இரண்டையும் ‘ஆம்’ என்றும், 3, 4 இரண்டையும் ‘இல்லை’ என்றும் சுருக்கிக்கொள்ளலாம் என்று அந்த நூலே சொல்கிறது. நீங்கள் மருத்துவர், அந்தச் சுருக்கம் உங்களுக்காக எழுதியதன்று.

இன்னொரு நுணுக்கம்: சில இடங்களில் ஒரே கட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று புதிதாகத் தொடங்குவதற்கு. மற்றது, ஏற்கெனவே சாப்பிட்டு வரும்போது அந்த நிலை தோன்றினால் தொடர்வதற்கு. ஒற்றைத் தலைவலி நல்ல உதாரணம். கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிவதுபோன்ற முன்னறிகுறியோடு வருகிற ஒற்றைத் தலைவலிக்குக் கூட்டு மாத்திரை எல்லா ஏட்டிலும் 4. முன்னறிகுறி இல்லாத, 35 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் தொடங்க 2, தொடர 3 என்கிறது. 35-ஐத் தாண்டியவருக்குத் தொடங்க 3, தொடர 4. அமெரிக்க வழிகாட்டி 2016 முதல் வயது பாராமல் 2 என்கிறது. ஆகவே ‘உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா?’ என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் எந்த ஏட்டைத் திறந்தும் பயனில்லை. தலைவலிக்கு முன் கண்ணில் என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். தகவல் தேடுவதில் பாதி வேலை, தேடப் போவதற்கு முன் நோயாளியிடம் கேட்பதில் இருக்கிறது.

தகுதி அளவுகோல்களுக்கு ‘யாருக்கு’ என்பது மட்டுமே தெரியும். ‘எப்படி’ என்று கேட்டால் அவற்றிடம் விடை இல்லை. என்றைக்குத் தொடங்குவது, மாத்திரை மறந்தால் என்ன செய்வது, ஊசிக்குத் தாமதமாக வந்தால் போடலாமா என்பவற்றுக்கு ‘தேர்ந்தெடுத்த நடைமுறைப் பரிந்துரைகள்’ என்று தனி நூல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் வெளியிடுகிறது, சி.டி.சி.யும் வெளியிடுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சாரத்தைச் செவிலியருக்கும் புரியும்படி எளிமையாகச் சொல்லும் உலகக் கையேடு ஒன்றை, உலக சுகாதார நிறுவனம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2007 முதல் வெளியிட்டு வருகிறது. எல்லாமே இலவசம். இவை கையில் இருந்தால் உங்கள் சந்தேகங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்று மாத ஊசிக்கு வருவோம். மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஊசியைத் தசையில் போட்ட ஒரு பெண் பதினைந்தாம் வாரம் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். ஐரோப்பியத் தகவல் தாள் 12 வாரமும் 5 நாளும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யச் சொல்கிறது. சி.டி.சி. 15 வாரம் வரை எந்தச் சடங்கும் இல்லாமல் போடலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் குறித்த நாளிலிருந்து நான்கு வாரம் வரை தாமதத்தைப் பொறுக்கிறது. ஊசி மருந்து எல்லோர் உடலிலும் ஒரே நாளில் தீர்ந்துபோவதில்லை. மிக விரைவில் தீரும் பெண்ணை நினைத்து ஒரு தாள் எழுதுகிறது. ஊசி மறுக்கப்பட்டுத் திரும்பிப் போகும் பெண்ணை நினைத்து இன்னொன்று எழுதுகிறது. அந்தப் பெண் மறுபடி வராமலே போகலாம், கர்ப்பமாகலாம். இந்த இரண்டாவது கவலை எந்தப் பெட்டித் தாளிலும் இருக்காது.

அதற்காகப் பெட்டித் தாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சில கேள்விகளுக்கு அதைவிட நல்ல விடை வேறெங்கும் கிடைக்காது. மாத்திரையில் லாக்டோஸ் இருக்கிறதா, எந்த வெப்பத்தில் வைப்பது, ரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பனவெல்லாம் அதில்தான் இருக்கும். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரைகளை எல்லாம் ஒரே இனம் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தாள் அவசியம். பழைய வகையில் மூன்று மணி நேரம் தாமதித்தாலே தவறவிட்ட மாத்திரை. டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம். ட்ரோஸ்பைரினோன் வகையில் 24 மணி நேரம். அட்டையைப் பார்க்காமல் பொதுவாக ஒரு விதியைச் சொன்னால் யாரோ ஒருவருக்கு அது தவறாகப் போகும்.

தாள் என்றால் எந்தத் தாள் என்பதும் முக்கியம். பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பது நோயாளிக்கானது. (மருந்தைச் சாப்பிடுபவருக்கென்று தாள் வைக்கும் பழக்கம் பரவியதில் கருத்தடை மாத்திரைக்குப் பெரிய பங்குண்டு. அமெரிக்காவில் 1970-ல் அதைக் கட்டாயமாக்கினார்கள். ரத்த உறைவு அபாயத்தைத் தங்களிடம் சொல்லவில்லை என்று பெண்கள் எழுப்பிய குரல் செனட் விசாரணை மண்டபம் வரை கேட்டதன் விளைவு அது.) மருத்துவருக்கான விரிவான தாள் வேறு. ஐரோப்பிய வடிவத்தில் அதன் பிரிவு எண்கள் எல்லா மருந்துக்கும் ஒன்றே: யாருக்குக் கூடாது என்பது 4.3, மருந்துகளுக்கிடையே வினை 4.5, கர்ப்பமும் பாலூட்டலும் 4.6, பக்கவிளைவு 4.8, மருந்து உடலில் நடந்துகொள்ளும் விதம் 5.2. இதை மனப்பாடம் செய்துகொண்டால் முப்பது பக்கத் தாளில் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். அமெரிக்கத் தாள்களை அந்நாட்டு தேசிய மருத்துவ நூலகம் ‘டெய்லிமெட்’ என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறது. அதே நூலகத்தின் ‘லாக்ட்மெட்’ பாலூட்டும் தாய்க்கும் மருந்துக்கும் உள்ள உறவை மட்டுமே பேசும் தொகுப்பு. பெட்டித் தாள் ஒரே வரியில் முடித்துவிட்ட விஷயத்துக்குப் பின்னால் உண்மையில் என்ன ஆய்வு இருக்கிறது என்று அங்கே பார்க்கலாம்.

இனி நீங்கள் கேட்ட நிறுவனத் தளங்கள். வாசலிலேயே ‘நீங்கள் மருத்துவத் துறையைச் சேர்ந்தவரா?’ என்று ஒரு பொத்தான் நிற்கும். அதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ உயர்ந்த சரக்கு இருக்கிறது என்று தோன்றும். ஐரோப்பாவில் மருந்துச்சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேறு பல நாடுகளிலும் அப்படியே. அந்தக் கதவு அதற்காக வைத்தது. அது உங்கள் தகுதியைக் கேட்கிறதே தவிர, உள்ளே இருப்பதன் தகுதியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நானும் அங்கே போவதுண்டு. தன் பொருளைப் பற்றித் தயாரித்தவரைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. மாத்திரைகள் வெயிலில் கிடந்துவிட்டன, கொடுக்கலாமா என்று கேட்டால், வெளியிடாத நிலைத்தன்மை ஆய்வைப் பார்த்து நிறுவனத்தின் மருத்துவத் தகவல் பிரிவு பதில் எழுதும். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ஆனால் ‘உங்கள் மாத்திரை நல்லதா, அடுத்த நிறுவனத்தின் மாத்திரை நல்லதா?’ என்று மட்டும் அங்கே கேட்காதீர்கள். மாமியாரிடம் மருமகளைப் பற்றி விசாரிப்பதுபோல் ஆகிவிடும்.

செயல்திறன் எண்களிலும் கவனம் தேவை. நிறுவன ஏடுகளில் ‘பேர்ல் குறியீடு’ என்று ஓர் எண் இருக்கும். 1930-களில் ரேமண்ட் பேர்ல் வகுத்த கணக்கு அது. நூறு பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் எத்தனை பேர் கருவுறுவார்கள் என்று சொல்லும். ஆய்வில் சேர்ந்த பெண்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். தொலைபேசியில் நினைவூட்ட ஆளிருக்கும். கூட்டு மாத்திரையைத் தவறே இல்லாமல் சாப்பிட்டால் முதல் ஆண்டில் நூற்றுக்கு 0.3 பேர் கருவுறுகிறார்கள். வழக்கமான வாழ்க்கையில், மறதியும் பயணமும் சேர்ந்து, அது 7 ஆகிறது. தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, 0.1, மறப்பதற்கு அங்கே ஏதுமில்லை. நோயாளியிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டாவது எண்ணை.

லாமோட்ரிஜின் சாப்பிடும் பெண்ணை நீங்கள் திருப்பி அனுப்பியது நல்லதே. நான் ஒருமுறை அப்படிச் செய்யாமல் விட்டுவிட்டேன். வேலையில் சேர்ந்த புதிது. ஒரு மருத்துவர் தொலைபேசியில் கேட்டார்: ‘லாமோட்ரிஜின் கருத்தடை மாத்திரையின் பலனைக் கெடுக்குமா?’ வலிப்பு மருந்துகளில் கார்பமாஸெபின், ஃபெனிட்டாயின், ஃபெனோபார்பிட்டால் ஆகியவை கெடுக்கும், டோப்பிரமேட்டும் அளவு கூடினால் கெடுக்கும் என்று பட்டியல் தலைகீழாகத் தெரியும். லாமோட்ரிஜின் அந்தப் பட்டியலில் இல்லை. ‘கெடுக்காது’ என்று பெருமையோடு சொன்னேன். சில வாரங்களில் அந்தப் பெண்ணுக்கு, ஆண்டுக் கணக்கில் அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தது.

கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடை சரிதான். மாத்திரையின் எஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினை என்ன செய்யும் என்ற மறுபாதியை அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற எஸ்ட்ரோஜன், கல்லீரல் லாமோட்ரிஜினை வெளியேற்றும் வேகத்தைக் கூட்டுகிறது. ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் இடையே மாத்திரை இல்லாத ஏழு நாட்களில் அளவு மறுபடி ஏறி, சிலருக்குத் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வரும். மாதந்தோறும் ஊஞ்சல்போல ஏறி இறங்கும். ஆகவே லாமோட்ரிஜின் மட்டும் சாப்பிடுபவருக்குக் கூட்டு மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 3. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு இந்தத் தொல்லை எழுவதில்லை என்பதால், ‘வேறென்ன மருந்து?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரைக்கு எண் 1. ஊசியும் குச்சியும் அப்படியே. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் சாதனத்தில் ஹார்மோனே இல்லாததால் பேச்சுக்கே இடமில்லை. அவரை மறுபடி கூப்பிடுங்கள். கொடுக்க நிறையவே இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த இரண்டு மருந்தைத் தேடினாலும் இரு பக்கமிருந்தும் தேடுகிறேன். மாத்திரையின் தாளில் 4.5, பிறகு மற்ற மருந்தின் தாளில் 4.5. ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும். அடுத்து, நிறுத்திய மருந்தையும் கேட்கிறேன். கார்பமாஸெபின்போலக் கல்லீரல் நொதிகளைத் தூண்டி மாத்திரையின் பலனைக் கெடுக்கும் மருந்தை நேற்று நிறுத்தியிருந்தாலும் அதன் வேலை நான்கு வாரம் தொடரும். ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்ற மூலிகையும் அதே வேலையைச் செய்யும். மருந்து என்று நினைக்காததால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி. மருந்துகளுக்கு லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் தனித் தொகுப்பு இருக்கிறது. கருத்தடைக் குச்சியின் பலனை எஃபாவிரென்ஸ் குறைத்துவிடும், டோலுடெக்ராவிர் தொடுவதில்லை என்ற வேறுபாடெல்லாம் அங்கே ஒரு சொடுக்கில் தெரியும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி எதைச் சாப்பிட்டாலும் கருத்தடை மாத்திரை பலிக்காது என்று பழைய பாடநூல்கள் அச்சுறுத்தின. நொதிகளைத் தூண்டுபவை அவற்றில் ரிஃபாம்பிசின், ரிஃபாபியூட்டின் போன்றவை மட்டுமே. அமாக்ஸிசிலினுக்கு அந்தக் குணம் இல்லை. வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் மாத்திரை உடலில் சேராமல் போகலாம், அது வேறு விஷயம். வழிகாட்டிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைத் திருத்திக்கொண்டுவிட்டன. ஆனாலும் பழைய எச்சரிக்கை மருந்துக்கடை முதல் வகுப்பறை வரை இன்னும் உலவுகிறது. ஆகவே எந்த ஏட்டைத் திறந்தாலும் முதலில் பதிப்பு ஆண்டைப் பார்ப்பது என் வழக்கம். ஆண்டு போடாத பக்கத்தை மூடிவிடுவேன்.

புதிய ஆய்வு என்று செய்தி வரும் நாளில் உங்கள் தொலைபேசி ஓயாது. அப்போது உதவும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன் என்ற புரோஜெஸ்டோஜன்கள் கலந்த புதிய கூட்டு மாத்திரைகளில் ரத்த உறைவு அபாயம் இரண்டு மடங்கு. செய்தி பொய்யில்லை. 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வருகிறது என்பதே அதன் அளவு. ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லைக் கேட்ட பெண்கள் மாத்திரையையே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டார்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் ரத்த உறைவு அபாயம் எந்த மாத்திரையையும்விட அதிகம் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

இன்று அந்த எண்களைத் தெளிவாகவே சொல்ல முடியும். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013-ல் கொடுத்த கணக்கு: மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஓராண்டில் இருவருக்கு ரத்த உறைவு, லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த கூட்டு மாத்திரையில் 5 முதல் 7 பேர், டெசோஜெஸ்ட்ரல், ஜெஸ்டோடீன், ட்ரோஸ்பைரினோன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். இதை அப்படியே ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வும் இதே வகை. மூன்று மாத ஊசியை நெடுநாள் போட்டுக்கொண்டவர்களிடம் மெனிஞ்சியோமா என்னும் மூளையுறைக் கட்டி ஐந்தரை மடங்கு என்று தலைப்புகள் ஓடின. உள்ளே போய்ப் பார்த்தால், அந்தக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களில் ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர். ஒப்பிடச் சேர்த்த 90,305 பெண்களில் 11 பேர். எண்ணிக்கை சிறியது, தொடர்பு மெய்யாக இருக்கலாம், கட்டியோ அரிது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தால் நோயாளி பயப்படவும் மாட்டார், ஏமாறவும் மாட்டார். மெனிஞ்சியோமா கண்டறியப்பட்டவருக்கு ஊசியை நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய முகமை அதே ஆண்டு அறிவுறுத்தியது; அதை மட்டும் மறக்காதீர்கள். பக்கவிளைவுப் புகார்களைத் தொகுத்துக் காட்டும் தரவுத்தளங்களையும் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். ‘இந்த மாத்திரையில் இத்தனை ஆயிரம் புகார்’ என்ற எண்ணுக்குக் கீழே, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற எண் இருக்காது. ஆராய்ச்சியாளருக்கு அது துப்பு. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அதிலிருந்து சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி கேட்டால் உடனே பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இப்போது இளைய மருத்துவர்கள் அதிகம் நாடுகிறார்கள். எந்த ஏட்டில் தேடலாம் என்று கேட்க அவை உதவும். எண்ணையும் அளவையும் அவற்றிடம் வாங்கி நேரே மருந்துச்சீட்டில் எழுதிவிடாதீர்கள். 3 மணி நேரத்தையும் 12 மணி நேரத்தையும் ஒரே உறுதியோடு மாற்றிச் சொல்லக்கூடியவை அவை. மூல ஏட்டைத் திறந்து அந்த வரியை உங்கள் கண்ணால் பாருங்கள்.

எந்த ஏட்டை நம்பி முடிவெடுத்தீர்களோ அதன் பெயரையும் ஆண்டையும் நோயாளியின் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். பெட்டித் தாளுக்கு மாறாக வழிகாட்டியைப் பின்பற்றினால், அதை நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தாளைப் பிரித்துப் படித்து, உங்களைத் தவறாக நினைத்து, மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவார்.

பால் கொடுக்கும் அந்தத் தாயிடம், பழைய மாத்திரைதான் வேண்டுமா, கர்ப்பம் தரிக்காமல் இருந்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள். ஆறு வாரம் கடந்துவிட்டதால் புரோஜெஸ்டோஜன் மாத்திரை, குச்சி, ஊசி, காப்பர் சாதனம் எல்லாமே அவருக்கு எண் 1. மாதவிலக்கு இன்னும் திரும்பாமல், குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருந்தால், ஆறு மாதம் வரை அதுவே நூற்றுக்கு 98 பேருக்கு மேல் காக்கும். இவற்றில் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டால் உங்கள் மூன்று ஏடுகளின் சண்டைக்கு வேலையே இல்லை. எல்லாம் கேட்ட பிறகும் பழைய மாத்திரையே வேண்டும் என்றால், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். புகைப்பழக்கம், முன்பு வந்த ரத்த உறைவு, தலைவலி எல்லாவற்றையும் விசாரியுங்கள். அடுத்த முறை வரும்போது குழந்தையையும் அதன் எடை அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.